மலையேறினால் மட்டும் சூடாகும் பழைய டீசல் கார்: காரணத்தைத் தேடிய கதை

என்னிடம் இருப்பது 2004 மாடல் டீசல் செடான். டர்போ கிடையாது, மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த பழைய வகை எஞ்சின். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஈரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்தாயிற்று. இந்த வண்டியில் எனக்கு வந்த பெரிய தொல்லை எஞ்சின் சூடுதான். இரண்டு தடவை வந்தது, இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. முதலாவதைச் சரிசெய்த பிறகு சில கோடைகளும் பல மலைப்பாதைகளும் பார்த்துவிட்டதால் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

முதல் தடவை நடந்தது இப்படி. ஊருக்குள் ஏ.சி. போட்டு எவ்வளவு நேரம் நின்றாலும் மீட்டர் முள் பாதிக்குக் கீழேதான் இருக்கும். சேலம் ரோட்டில் 80-ல் போனாலும் அப்படித்தான். ஆனால் சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலையில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏறினால், 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டும் முன்பே முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் போகும். ஏ.சி.யை அணைத்தால் கொஞ்சம் இறங்கும். மேலே போய்ச் சமதளம் வந்ததும் தானாக இறங்கிவிடும்.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்: "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், இறக்கிப் பார்த்துடலாம்." ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம், அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட்டோடு முடியாது. லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் (அடிப்பரப்பைச் சமமாக்குவது), டைமிங் பெல்ட், புது போல்ட் என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் வெளியில் இருந்தே பார்த்துவிடக்கூடியது நிறைய இருக்கிறது.

எந்த நேரத்தில் சூடாகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் மிகக் கொஞ்சம் டீசலைத்தான் எரிக்கும், காற்றை மட்டும் நிறைய இழுக்கும். அதனால் நின்ற இடத்தில் அது லேசில் சூடாகாது. நிற்கும்போதும் டிராஃபிக்கிலும் சூடாகி, ஓடினால் சரியாகிறது என்றால் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். அதற்கு நேர்மாறாக, நிற்கும்போது நன்றாக இருந்து ஏற்றத்தில் மட்டும் சூடாகிறது என்றால், ரேடியேட்டரால் அந்த அளவு சூட்டை வெளியேற்ற முடியவில்லை, அல்லது தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை. என் வண்டி இந்த இரண்டாவது ரகம்.

கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு மூடுங்கள். ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிஷத்தில் ரேடியேட்டரின் மேல் ஓஸை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே ஓஸ் கல் மாதிரி இறுகினால், சிலிண்டர் காற்று கூலண்டுக்குள் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்குள்) வருகிறது என்று அர்த்தம். இந்த வகை டீசலில் கம்ப்ரஷன் 22:1 அளவுக்கு இருப்பதால் கசிவு இருந்தால் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். என் வண்டியில் ஓஸ் மெத்தென்றே இருந்தது. கூலண்ட் குப்பியில் குமிழி வரவில்லை, ஆயில் மூடியில் வெண்ணெய் மாதிரி எதுவும் இல்லை, கூலண்ட் அளவும் குறையவில்லை. நிறம் மாறும் திரவத்தை வைத்து எஞ்சினில் எரிந்த புகை கூலண்டில் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் ஒரு தெரிந்தவர் செய்து கொடுத்தார். நிறம் மாறவில்லை.

அடுத்தது மீட்டரையே நம்பலாமா என்ற கேள்வி. பழைய வண்டியில் சென்ஸரும் எர்த் வயரும் பொய் சொல்வது சகஜம். தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன் வாங்கினேன். பளபளக்கும் அலுமினியத்தில் நேராக அடித்தால் அது குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அடித்தால் சரியாக வரும். மீட்டர் சொன்னது உண்மைதான். அதே கன்னை ரேடியேட்டரின் முகத்தில் வரிசை வரிசையாக ஓட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு பக்கம் நல்ல சூடு, மறுபக்கம் கீழ்ப்பகுதி முழுக்கத் தண்ணென்று இருந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை.

ரேடியேட்டரைக் கழற்றினோம். முன்னால் இருந்து பார்த்தால் ஏ.சி. கண்டென்சர் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி, பூச்சி, பஞ்சு எல்லாம் சேர்ந்து கம்பளிபோல அப்பியிருந்தது. இதை வண்டியில் வைத்துக்கொண்டு தண்ணீர் அடித்துக் கழுவினால் போகாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். உள்ளே அதைவிட மோசம். முந்தைய ஓனர் வருஷக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று ஹீட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதே வெள்ளைப் படிவம் குழாய்களை அடைத்திருந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை அடைத்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. குளிர்காலக் காலையில் முள் நகரவே ரொம்ப நேரம் எடுத்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. "நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையில்லை" என்று கழற்றி வீசுவது நம் பக்கம் சாதாரணம். எனக்கு இதில் உறுதியான எதிர்க் கருத்து உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு இருக்கும். எஞ்சின் சூடானதும் மேல் வழி திறக்கும்போது, அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் நுழைந்துவிடும். ஏற்றத்தில், எல்லாத் தண்ணீரும் ரேடியேட்டருக்குப் போக வேண்டிய நேரத்தில், இது பாதகம். சமதளத்தில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடுவதால் டீசலும் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும்.

புது ரேடியேட்டர், மேனுவலில் சொன்ன அதே 82 டிகிரி தெர்மோஸ்டாட், இரண்டு ஓஸ், புது மூடி போட்டோம். தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் அடுப்பில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரோடு மூழ்கவிட்டுத் திறக்கிறதா என்று பார்த்தேன். புதிதிலும் பழுது வரும், இது ஐந்து நிமிஷ வேலை. மூடியைச் சிலர் அலட்சியம் செய்வார்கள். 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீரே 119 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டால் 100-லேயே கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 93-க்குள்ளேயே. மலையில் கொதிக்கும் வண்டிக்கு முதலில் மூடியை மாற்றிப் பார்ப்பது மலிவான சோதனை. சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்கவே கூடாது, முகமே வெந்துவிடும்.

கூலண்டை நிரப்பும்போது வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து, ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) போகும்வரை பொறுமையாக ஊற்றினோம். அப்புறம் திம்பம் ஏறினேன், அதே ஆள், அதே ஏ.சி. முள் பாதியிலேயே நின்றது. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் அப்படியே. முன்னைவிட மைலேஜும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஏற்றத்தில் நான்காவது கியரில் முனகவிடாமல் இறக்கி ஓட்டுவதும் உதவுகிறது, எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வாட்டர் பம்பும் வேகமாகத் தள்ளும்.

இரண்டாவது தொல்லை போன கோடையில் வந்தது. இந்தத் தடவை மலையில் ஒன்றும் இல்லை, பன்னீர்செல்வம் பார்க் டிராஃபிக்கில் ஏ.சி. போட்டு நின்றால் முள் ஏறியது, நகர்ந்தால் இறங்கியது. அறிகுறி நேர் எதிர் என்பதால் ரேடியேட்டரைத் தொடவே இல்லை, நேராக ஃபேனைப் பார்த்தோம். ஏ.சி. போட்டதும் சுற்ற வேண்டிய லோ ஸ்பீடு சுற்றவில்லை. அதற்கான ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

இதே வயசு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில சந்தேக இடங்கள்: ஏற்றத்தில் உறிஞ்சிக்கொண்டு ஒட்டும் கீழ் ஓஸ், இறக்கை அரித்துப்போன வாட்டர் பம்ப், பெல்ட் மாற்றியபோது தப்பாக வைத்த டீசல் பம்ப் டைமிங், பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக். பிறகு வந்த காமன் ரயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் வகை) டீசல்களில் கூலண்ட் மாயமாகக் குறைந்தால், ஹெட்டை இறக்கும் முன் ஈ.ஜி.ஆர். கூலரை (எஞ்சினுக்கே திருப்பி விடும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) சோதிக்கச் சொல்லுங்கள். அது உள்ளுக்குள் கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

என் வண்டியில் இப்போது வாட்டர் பம்பில் கசிவைக் காட்டுவதற்கென்றே இருக்கும் அடித்துளைக்குக் கீழே லேசாகக் கூலண்டின் பச்சைக் கறை தெரிகிறது. பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடுவதால், வரும் மாதம் பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மலைப்பக்கம் போவதாக இல்லை.