உப்புக் காற்றில் எல்எம்317 பவர் சப்ளை: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

வீட்டில் கட்டும் சின்ன பவர் சப்ளைக்கு, வோல்டேஜை வேண்டிய அளவில் நிறுத்தும் எல்எம்317 ரெகுலேட்டர் ஐசி போதும். ஆனால் தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் முதலில் கைவிடுவது ஐசி அல்ல, சுற்றியிருக்கும் மலிவான சாமான்கள்.

அதிலும் மோசம், வோல்டேஜைத் திருகி மாற்றும் 5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர். ஈரம் ஏறினால் பழைய ரேடியோ வால்யூம் போலக் கரகரக்கும். ரேடியோவில் அது வெறும் சத்தம். இங்கே நடுக்கால் தொடர்பு விட்டால் வோல்டேஜ் உச்சத்துக்கு ஏறி, 5 வோல்ட் போர்டைத் தின்றுவிடும். நடுக்காலை ஓரக்காலோடு சேர்த்தாலும் இது தீராது. மருந்து: பொட்டென்ஷியோமீட்டருக்கு இணையாக 820 ஓம் ரெசிஸ்டரை, 5 வோல்ட் வேலைக்கு மட்டும் சேரும்படி, ஒரு சுவிட்ச் வழியே போடுங்கள். அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 240 ஓம் இருந்தால், பொட்டென்ஷியோமீட்டர் அடியோடு அறுந்தாலும் சுமார் 5.6 வோல்ட்டோடு நின்றுவிடும். சில ரூபாயில் இதைவிட நல்ல காப்பு கிடையாது.

அடுத்தது சூடு. 9-0-9, 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் முழு 18 வோல்ட்டையும் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜுக்குக் கொடுத்தால் டிசி 24 வோல்ட் வரும். அதிலிருந்து 5 வோல்ட், 1 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 18 வாட் ஐசியிலேயே எரியும். ஐசி தானாக அணைந்து, ஆறியதும் மீளும். இதைப் பார்த்துத்தான் பலர் 'டூப்ளிகேட் ஐசி' என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். ஒரு டாகிள் சுவிட்சில் பாதிச் சுற்றுக்கு, அதாவது 9 வோல்ட்டுக்கு, மாற்றினால் 5 வாட் சுமாருக்கு இறங்கும். 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு அந்த 9 வோல்ட் பக்கத்தில் 1 ஆம்பியருக்கு 7 வோல்ட் அவுட்புட்தான் எல்லை. மேலே போனால் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) வெளியே தெரியும்.

கெப்பாசிட்டர் 50 வோல்ட் ரகமாகவே இருக்கட்டும். லைனில் 250, 260 ஏறும் இரவில், லோடு இல்லாதபோது, உள்ளே 30 வோல்ட்டைத் தொடலாம். 25 வோல்ட் ரகம் உப்பிவிடும்.

ஐசியின் உலோக முதுகு அவுட்புட்டோடு சேர்ந்தது. மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு, வாஷர் இல்லாமல் எர்த் செய்த பெட்டியில் முறுக்காதீர்கள். திருகு ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும். சால்டரிங்கில் மிஞ்சும் ஃப்ளக்ஸ் கறையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைக்காவிட்டால் ஐப்பசி ஈரத்தில் பச்சை பூக்கும்.

வெளி டெர்மினல்களுக்கு எளிய சோதனை: 1 ஆம்பியர் லோடில் போர்டிலும் டெர்மினல் முனையிலும் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நட்டைக் கழற்றித் தேய்க்கும் வேளை.