ஆக்டேன் எண்ணைக் காட்டி ஏமாற்றும் ரீமேப் கடைகள்: டர்போ கார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கோவையில் டர்போ பெட்ரோல் கார்களுக்கு ரீமேப் (சக்தியைக் கூட்ட என்ஜினின் மென்பொருளை மாற்றுவது) செய்து தரும் ஒரு கடை, நம் ஊர் பெட்ரோலுக்குப் பொருந்தாத ஃபைலை என் காரின் இசியூவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) ஏற்றியது. அதோடு நில்லாமல், என்ஜின் நாக் அடிப்பதை, அதாவது பெட்ரோல் கலவை நேரம் தப்பித் தானாக வெடிப்பதை, கண்டறியும் ஏற்பாட்டையும் மழுங்கடித்து வைத்தது. அதன் விளைவாக ஒரு பிஸ்டன் உடைந்து, என்ஜினை முழுவதுமாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆயினும் ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கத்திலும் இதே பேச்சைச் சொல்லி வேலை பிடிப்பவர்கள் இருப்பதாக நண்பர்கள் சொல்வதால், ஏமாற்று எங்கே ஒளிந்திருந்தது என்பதையாவது விரிவாக எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவர்கள் என்னிடம் சொன்னது இதுதான்: "இது அமெரிக்காவுல 93 ஆக்டேனுக்கு எழுதுன ஸ்டேஜ் 1 ஃபைலுங்க சார். நீங்க ஊத்துறது 95. அதனால பயமே வேண்டாமுங்க." கேட்பதற்கு மிகவும் சரியாகப் படும் இந்தக் கணக்கில்தான் மோசடி இருக்கிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பங்க்கில் எழுதப்படுவது ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) என்ற அளவு. அமெரிக்காவில் எழுதப்படுவதோ, ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் நம்பர்) என்ற இரண்டு அளவுகளின் சராசரி. எம்.ஓ.என். கடுமையான சோதனையில் எடுக்கப்படுவதால் ஆர்.ஓ.என்.னை விட ஏறத்தாழ பத்து எண் குறைவாகவே வரும். ஆகவே அமெரிக்காவின் 93 என்பது நம் கணக்கில் 98-ஐ ஒட்டிய பெட்ரோல். நம் 95-க்கு அங்கே ஈடானது 90 அல்லது 91தான். நாள்தோறும் இதே தொழிலைச் செய்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் லிட்டர் 160 ரூபாய் விலையில் இந்தியாவில் அறிமுகமானது உண்மைதான். ஆனால் அது எல்லா பங்க்கிலும் கிடைப்பதில்லை. அதைத்தான் ஊற்ற வேண்டும் என்று இவர்கள் சொல்லவும் இல்லை.

ஆக்டேன் எண் உயர்ந்தால் பெட்ரோலுக்குச் சக்தி கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த எண், அழுத்தமும் சூடும் ஏறும்போது பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப் பிடிக்கும் என்பதைத்தான் காட்டுகிறது. ஸ்பார்க் பிளக்கிலிருந்து புறப்பட்ட தீ சிலிண்டரின் ஓரத்தை எட்டுவதற்குள், அங்கே நெருக்குண்டு கிடக்கும் கலவை தானாக வெடித்துவிட்டால் அதுதான் நாக். டர்போ பூஸ்ட்டைக் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் அளவை) கூட்டி, இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் பாயும் நேரத்தை) முன்னுக்கு நகர்த்தும் ஃபைல், பெட்ரோலின் இந்தப் பொறுமையை நம்பியே எழுதப்படுகிறது. சித்திரை வெயிலில் பல்லடம் சாலையில் உள்ளே போகும் காற்றே கொதிக்கும்போது, அந்தப் பொறுமை மேலும் குறைகிறது.

இதைத் தாங்குவதற்காகவே கம்பெனியார் என்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்ற சிறு உணர்கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். அது அதிர்வைக் கேட்டவுடன் இசியூ அந்த சிலிண்டரின் டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்கு இழுத்து என்ஜினைக் காப்பாற்றும். சக்தி சற்றுக் குறையும், அவ்வளவுதான். என் காரில் அந்த இழுப்பு நடக்கவே இல்லை. பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் கடந்து மூன்றாம் கியரில் அழுத்தும்போதெல்லாம், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் கேட்டது. கடைக்குச் சொன்னபோது, பங்க்கில் பெட்ரோல் சரியில்லை என்று கூறி ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களை விற்றார்கள். பாட்டிலில் "5 பாயிண்ட் கூடும்" என்று அச்சிட்டிருந்தது. இந்த வியாபாரத்தில் ஒரு பாயிண்ட் என்றால் ஓர் ஆக்டேனில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 95 என்பது 95.5 ஆகும், 98 ஆகிவிடாது.

சிங்காநல்லூரில் நீண்ட காலமாக என்ஜின் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் காரைக் கொண்டுபோனபோது, மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் மிகவும் இறங்கியிருந்தது. அவர் கழற்றிக் காட்டிய ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் துருநிறப் படலம் படிந்திருந்தது; அது பூஸ்டரில் இருந்த மாங்கனீசின் வேலை. அந்தப் படலத்தின்மேல் மிளகைவிடச் சிறிய வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. அவை பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். ஹெட்டைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தபோது, முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடைப்பட்ட விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு உடைந்திருந்தது. ரீமேப் கடைக்காரர் அப்போதும் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றே வாதிட்டார். பெரியவர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தண்ணி இருந்தா வண்டி திக்கித் திணறி நிக்குமுங்க தம்பி. பிஸ்டனை இப்படி ஒடைக்காதுங்க."

பிறகு வேறொரு நிபுணர் இசியூவிலிருந்து ஃபைலைப் படித்து, கம்பெனி ஃபைலோடு ஒப்பிட்டு எழுத்து மூலம் அறிக்கை தந்தார். நாக் என்று ஏற்றுக்கொள்ள வேண்டிய அதிர்வின் வரம்பு, எந்தச் சத்தமும் எட்ட முடியாத உயரத்துக்கு ஏற்றப்பட்டிருந்தது. டெலிவரி நாளில் கடைக்காரர் பெருமையாகக் காட்டிய லாகில் (வண்டி ஓடும்போது இசியூவிலிருந்து எடுத்த பதிவில்) நான்கு சிலிண்டருக்கும் டைமிங் இழுப்பு பூஜ்யமாக இருந்ததன் காரணம் அதுதான். கோடை மதியத்தில் முழு ஆக்சிலரேட்டரில் எடுத்த லாகில் அங்கங்கே ஓரிரு டிகிரி இழுப்பு தெரிவது இயல்பு. எல்லா இடத்திலும் சுத்தமான பூஜ்யம் வந்தால், அதை நான் இனி நல்ல அறிகுறியாக ஏற்க மாட்டேன்.

ஆகவே ரீமேப் செய்ய விரும்பும் எவரும், ஃபைல் எத்தனை ஆர்.ஓ.என். பெட்ரோலுக்கு எழுதப்பட்டது என்பதையும், நாக் சென்சாரின் வரம்புகள் மாற்றப்படவில்லை என்பதையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய ஃபைலின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த லாகுகளைக் கடைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். உடைந்த பிஸ்டன், பிளக், பணம் செலுத்திய விவரம், ஃபைல் ஒப்பீட்டு அறிக்கை ஆகிய எதையும் பட்டறையில் விட்டுவிடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் புகாரோடு நான் இணைத்திருப்பவையும் இவைதான்.