இராமநாதபுரக் கடலோரத்தில் மவுண்டன் பைக்: எந்தத் தடம் எதற்கு ஏற்றது?

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இராமேசுவரம் தீவிலுள்ள கெந்தமாதன பர்வதமும் பெயரளவில்தான் பர்வதம். ஏறிப் பார்த்தால் அது ஒரு மணல்மேடு. அப்படியிருக்க மவுண்டன் பைக்குக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பது நியாயமே. ஏற்ற இறக்கத்துக்காக அல்ல, தரையின் குணத்துக்காகவே அந்த அகன்ற டயர் இங்கே தேவைப்படுகிறது. தார்ச்சாலையை விட்டு இரண்டு பர்லாங் இறங்கினால் மணல், களிமண், உப்பளக் கரை, பவளக்கல் சிதறிய கரை, எங்கும் தப்பாத சீமைக் கருவேல முள் என்று தரை மாறிக்கொண்டே போகிறது. ஆகவே இங்குள்ள நான்கு தடங்களைத் தூரத்தையும் காட்சியையும் மட்டும் வைத்து எடைபோடாமல், சக்கரத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது தனுஷ்கோடியைத்தான். இராமேசுவரம் ஊரிலிருந்து, தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பாலுள்ள ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை 2017-இல் திறக்கப்பட்டது. ஒரு புறம் அமைதியான பாக் நீரிணை, மறுபுறம் அலையெறியும் மன்னார் வளைகுடா. உள்ளூர் மீனவர்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயமும் இரயில் நிலையமும் இடிந்த சுவர்களாக நிற்கின்றன. காட்சியைப் பொறுத்தவரை இதற்கு ஈடான தடம் தமிழகக் கடற்கரையிலேயே இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் மவுண்டன் பைக் தடமாக மதிப்பெண் போடச் சொன்னால், நான்கில் இதற்கே கடைசி இடம் தருவேன். இது முழுக்கத் தார்ச்சாலை. சாதாரண சைக்கிளே போதும். ஒன்பது மணிக்குமேல் சுற்றுலா வேன்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். இரு கரையிலும் சாலையைக் காக்கக் கருங்கல் அடுக்கியிருப்பதால் ஈர மணலுக்கு வண்டியை இறக்குவதும் எளிதல்ல. வடபுறக் கழிமுகச் சமவெளி ஓட்டுவதற்கு ஆசைகாட்டும் அளவுக்கு இறுகிக் கிடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது பூநாரைகள் இரை தேடும் இடம், 2025-இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஒரு சக்கரத் தடம்கூட அங்கே விழக்கூடாது. மாலையில் அரிச்சல்முனைப் பக்கம் போக விடமாட்டார்கள் என்பதால், விடியற்காலையில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்புவதே உத்தமம்.

வடக்கே தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரையுள்ள பாக் நீரிணைக் கரை இதற்கு நேர் எதிரானது. கிழக்குக் கடற்கரைச் சாலையை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு நம்புதாளை, முள்ளிமுனை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி என்று ஒவ்வொரு மீனவ ஊருக்கும் கிளைப்பாதையில் இறங்கி ஏற வேண்டும். அலையோசையே இல்லாத கரை இது. கரையில் நின்று பார்த்தால் ஏரியோ என்று தோன்றும். காரங்காட்டில் சதுப்புநிலக் காட்டுக்குள் வனத்துறை படகு ஓட்டுகிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு அதில் ஏறிவருவது இந்தத் தடத்தின் சிறந்த பகுதி. கிழக்கு நோக்கிய கரையாதலால் சூரியோதயமும் இங்கேதான் நன்றாக வாய்க்கும். குறை தரையில் இருக்கிறது. கோடையில் வெடித்துக் கெட்டியாகக் கிடக்கும் களிமண், ஐப்பசி மழை விழுந்ததும் டயரில் அப்பிக்கொண்டு, பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்து, வண்டியைத் தோளில் தூக்கவைத்துவிடும். கார்த்திகையில் இந்தப் பக்கம் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள்.

உச்சிப்புளியிலிருந்து ஆற்றங்கரை, அரியமான் வழியாக மண்டபம் செல்வது குடும்பத்தோடு வருவோருக்கான குட்டித் தடம். தென்னந்தோப்பு நிழலும் வைகையின் முகத்துவாரமும் உண்டு. புகைவண்டியில் வந்து இறங்கும் வசதியும் உண்டு. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சேதுக்கரையில் தொடங்கிக் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மாரியூர் வழியாக மூக்கையூர் வரை நீளும் மன்னார் வளைகுடாக் கரையே என் தேர்வு. இங்கும் கடலை ஒட்டியே இடைவிடாமல் செல்லும் ஒரே பாதை கிடையாது. ஆனால் ஏர்வாடியைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலை கடலை விட்டு விலகிச் சாயல்குடியை நோக்கித் திரும்பிவிடுவதால், பெரிய வண்டிகளெல்லாம் அதோடு போய்விடுகின்றன. கரையோர ஊர்ச்சாலைகளில் மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளும் இருசக்கர வண்டிகளுமே மிஞ்சுகின்றன. தரையும் அங்கிருந்துதான் சுவையாகிறது. பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில் மணல் கணுக்கால் அளவு கிடக்கும். டயரில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, சிறிய கியரில், கைப்பிடியை இறுகப் பிடிக்காமல் மிதித்தால் கடந்துவிடலாம். இறுகப் பிடித்தால் முன்சக்கரம் மடங்கும். வாலிநோக்கத்தின் உப்பளப் பகுதியில் தரை சிமெண்டு போல் இறுகியிருக்கும். வெள்ளைப் பாத்திகளுக்கிடையே கண் கூசும் வெளிச்சத்தில் ஓட்ட வேண்டியிருப்பதால் கருப்புக் கண்ணாடி கட்டாயம். உப்பள வரப்புகள் தொழிலாளர்கள் உப்பு வாரிச் சுமக்கும் வழி என்பதால் கேட்காமல் அதில் ஏறுவது முறையல்ல.

ஒரு சிறு யோசனை: இந்த ஊர்களில் "வண்டி போகுமா?" என்று கேட்டால், மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொண்டு "தாராளமா போகும்" என்பார்கள். "மணல் எதுவரைக்கும் கெடக்கு அண்ணே?" என்று கேட்டால்தான் உதவும் பதில் கிடைக்கும்.

காட்சியிலும் இந்தத் தடம் தனுஷ்கோடியைப் போல ஒரே அடியில் மயக்குவதில்லை. ஊருக்கு ஊர் மாறுகிறது. கீழக்கரையில் கல்தூண்களோடு திராவிடக் கட்டடப் பாணியில் எழுந்த பழைய ஜும்மா பள்ளிவாசல், ஏர்வாடியில் தர்கா, மாரியூரில் கடலை ஒட்டிய பூவேந்தியநாதர் கோயில், கரையெங்கும் பெண்கள் கடலில் மூழ்கி எடுத்துவந்து காயவைத்திருக்கும் பாசி. கரைக்கு அப்பால் தெரியும் தீவுகள் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பூங்காவில் மொத்தம் 21 தீவுகள், அனுமதியின்றி அவற்றில் கால்வைக்கக் கூடாது. மாசி, பங்குனியில் சாயல்குடிச் சாலையில் ஏறினால் களங்களில் சிவப்பாகப் பரப்பிய முண்டு மிளகாயும், அதைத் தொடர்ந்து பதநீரும் கருப்பட்டியும் வழியிலேயே கிடைக்கும். சோற்றுக்கு ஏர்வாடியை நம்பலாம். அதற்கு மேற்கே நல்ல தண்ணீர் அரிது, கிணறுகளில் பெரும்பாலும் உப்பு. ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் ஏர்வாடியிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

காற்றைப் பொறுத்துத் திசையை மாற்றிக்கொள்வது இந்தத் தென்கரையில் எளிது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வீசுவதால் சேதுக்கரையிலிருந்து மேற்கே போவது நல்லது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று வலுப்பதால் மூக்கையூரில் தொடங்கிக் கிழக்கே வர வேண்டும். வடகரையில் வாடைக்காலத்தில் தொண்டியிலிருந்து தெற்கே இறங்கினால் முதுகுக்குப் பின்னால் காற்று வரும். தனுஷ்கோடியில் அந்தச் சலுகை இல்லை. எந்த மாதமானாலும் பக்கவாட்டில் அறையும், ஒதுங்கி நிற்க மரமும் கிடையாது.

முள் விஷயத்தில் மூன்று தடங்களும் ஒன்றுதான். தனுஷ்கோடிச் சாலை மட்டுமே விதிவிலக்கு. விரல் நீளக் கருவேல முள் டயரின் பக்கவாட்டையே துளைத்துவிடும். டியூப்லெஸ் டயரில், துளையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றிக்கொண்டு வருவது நல்லது. டியூப் போட்டவர்கள் பஞ்சரானதும் புது டியூபை மாட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். முள்ளின் நுனி ஒடிந்து அங்கேயே தங்கியிருக்கும், கவனிக்காவிட்டால் அடுத்த டியூபும் அரை மணியில் போய்விடும். கடற்கரை மேட்டில் வளரும் இராவணன் மீசைப் புல்லும் காலைக் குத்தும். மணல் பறந்துவிடாமல் பிடித்துவைத்திருப்பது அதுவும் அடம்பங்கொடியும்தான் என்பதால், எந்தக் கரையிலும் மேட்டில் ஏறாமல், நீர் வற்றிய நேரத்து ஈரமணலில் மட்டுமே ஓட்டுவது நல்லது. தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிடுவதும் அந்த மேட்டு மணலில்தான்.

கடைசியாக ஒரு செலவுக் கணக்கு. ஈரமணலில் ஓட்டிய வண்டியை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால், காலையில் கணுக்களில் துரு பூத்திருக்கும். தென்கரையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆண்டுக்கொரு செயினுக்குக் காசு ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.