ஐந்து மெயில் கணக்குக்கு எது சரி: தண்டர்பேர்டா, அவுட்லுக்கா?

தண்டையார்பேட்டையில் எங்கள் கிளியரிங் ஆபீஸுக்கு (சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருவது எங்கள் வேலை) ஐந்து மெயில் முகவரிகள். துறைமுகத்துக்கு ஒன்று, கப்பல் ஏஜென்டுகளுக்கு ஒன்று, கணக்கு வழக்குக்கு ஒன்று என்று பிரிந்து கிடக்கும். பிரவுசரில் மாறி மாறிப் பார்த்தால் ஒரு மெயிலாவது கண்ணில் படாமல் போய்விடும். அதனால் இரண்டு மென்பொருளையும் போட்டுப் பார்த்தேன்.

விண்டோஸின் புதிய அவுட்லுக் அமைக்க எளிது. பழைய மெயில் செயலிக்கு 2024 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றுவிட்டதால் பலரும் இதற்கு மாறினார்கள். காலண்டர் கச்சிதம். ஆனால் இலவசமாகப் பயன்படுத்தினால் விளம்பரம் வரும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால் அதன் மெயில்கள் மைக்ரோசாஃப்ட் சர்வருக்கும் நகலாகின்றன. வாடிக்கையாளர்களின் இன்வாய்ஸ் நம் கையில் இருக்கும்போது இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

தண்டர்பேர்டு 2004-இல் 1.0 ஆக வந்தது, இன்றும் இலவசம், லினக்ஸிலும் ஓடும். 'யூனிஃபைட் ஃபோல்டர்ஸ்' போட்டால் ஐந்து இன்பாக்ஸும் ஒரே வரிசையில் நிற்கும். பதில் எழுதும்போது மெயில் எந்த முகவரிக்கு வந்ததோ அதையே அனுப்புநராக எடுத்துக்கொள்ளும். புது மெயில் என்றால் மட்டும் மேலே 'ஃப்ரம்' வரியை ஒருமுறை பாருங்கள். மெயில்கள் கணினியிலேயே இறங்கியிருப்பதால், மழையில் நெட் போனாலும் பழைய பில் ஆஃப் லேடிங்கை (கப்பலில் ஏற்றிய சரக்குக்கான ரசீது) தேடி எடுக்கலாம்.

அலுவலகமே மைக்ரோசாஃப்ட் 365 என்ற கட்டணச் சேவையில் இருந்தால் அவுட்லுக். எங்களுக்கு தண்டர்பேர்டுதான்.