ஹாரி பாட்டர்: எந்தப் பாகம், எந்த வயதில்?

ஹாரி பாட்டர் நாவலின் ஏழு பாகங்களையும் ஒரே பெட்டியாக வாங்கிப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிடுகிற பெற்றோர் நிறையப் பேர். அலமாரியில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கும் ஏழும் ஒரே வயதுக்கு எழுதப்பட்டவை அல்ல. முதல் பாகத்தில் ஹாரிக்குப் பதினொரு வயது, கடைசிப் பாகத்தில் பதினேழு. கதையும் அவனோடு சேர்ந்தே வயதேறுகிறது. 1997இல் தொடங்கிய வாசகர்கள் 2007 வரை காத்திருந்துதான் முடித்தார்கள். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் மட்டும் மூன்று வருடம் போனது. இன்றைய பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. கதை பிடித்துவிட்டால் ஒரே கோடை விடுமுறையில் ஏழையும் முடித்துவிடும்.

எனவே, எப்போது தொடங்கலாம் என்பதற்கு நான்காம் பாகத்தை வைத்துத்தான் விடை சொல்ல முடியும். அதை உங்கள் பிள்ளை எந்த வயதில் தாங்கும் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, பின்னோக்கி எண்ணுங்கள். என் கணக்கில் நான்காவதற்குப் பத்தரை அல்லது பதினொன்று சரியான வயது. முதல் மூன்றையும் நிதானமாகப் படிக்க ஒன்றரை, இரண்டு வருடம் விடுங்கள். அப்படியானால் தொடக்கம் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். ஆறு வயதில் ஆரம்பிக்கிற பிள்ளைக்கும் முதல் பாகம் பிடிக்கத்தான் செய்யும். ஏழு வயதில் நான்காவது வேண்டும் என்று கேட்கும்போதுதான் சிக்கல் வரும்.

வயதைத் தவிர மூன்றைக் கவனியுங்கள். படமில்லாத கதையை அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறதா? நேற்று நிறுத்திய இடத்தை இன்று தானாகச் சொல்கிறதா? பயந்தால் "பயமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுமா? மூன்றில் முக்கியம் மூன்றாவதுதான். சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்.

முதல் பாகத்தில் 17 அத்தியாயங்கள். ஒன்றை வாசித்துக் காட்டச் சுமார் அரை மணி பிடிக்கும். பிள்ளைகள் புத்தகத்தைக் கீழே வைப்பது பெரும்பாலும் முதல் மூன்று அத்தியாயங்களில். பெரியப்பா வெர்னனின் அலுவலக நாளில் கதை தொடங்குகிறது, மந்திரப் பள்ளிக்குள் நுழைவதோ ஏழாம் அத்தியாயத்தில். ஹாரியைப் பள்ளிக்கு அழைக்க வரும் ராட்சத உருவம் கொண்ட ஹாக்ரிட் பேசும் வட்டார ஆங்கிலம் வேறு, எழுத்துகளை மாற்றி அச்சிடப்பட்டிருக்கும். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும் நம் பிள்ளைகள் அந்த வரிகளைக் கண்ணால் படித்தால் திணறுவார்கள், காதால் கேட்டால் புரிந்துவிடும். ஆகவே முதல் ஐந்து அத்தியாயங்களை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். ஐந்தாவதில் மந்திரக்கோல் வாங்கியாயிற்று என்றால் பிறகு பிள்ளை தானே ஓடும். பயமுறுத்தும் இடங்கள் இரண்டு: காட்டுக்குள் நடக்கும் 15, முடிவில் வரும் 17. இரண்டையும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளை என்றால் இறந்த பெற்றோரை ஹாரிக்குக் காட்டும் கண்ணாடி வரும் 12ஆம் அத்தியாயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். அழகான அத்தியாயம், ஆனால் கனமானது.

இரண்டாம் பாகத்தை முதலாவதின் தொடர்ச்சிதானே என்று கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். என் மதிப்பில் முதல் மூன்றில் அதிகம் பயமுறுத்துவது இதுதான். சுவருக்குள்ளிருந்து ஹாரிக்கு மட்டும் கேட்கும் குரல், ஒவ்வொருவராக உறைந்துபோகும் மாணவர்கள் என்று எல்லாமே வீட்டுச் சுவருக்குள்ளும் கற்பனை செய்யக்கூடிய பயங்கள். சிலந்தியைக் கண்டால் அலறும் பிள்ளைக்கு 15ஆம் அத்தியாயத்தை முன்பே சொல்லி வையுங்கள்.

மூன்றாவதுதான் ஏழிலும் சிறந்தது. பக்கமும் அதிகம், இருளும் அதிகம். இருந்தும் இரண்டாவதைவிடப் பிள்ளைகள் இதை எளிதில் தாங்குகிறார்கள். டிமென்டர்கள் மகிழ்ச்சியை உறிஞ்சிவிடும் கொடியவை என்று சொல்கிற கதையே, அதற்கு மருந்தையும் கையோடு கொடுக்கிறது: முதலில் சாக்லேட், பிறகு லூப்பின் ஆசிரியரிடம் படிப்படியாகக் கற்கும் மந்திரம். குழப்பம் வேறிடத்தில். 17 முதல் 19 வரையான அத்தியாயங்களில் ஒரே அறையில் பழைய கதை பேசப்படுகிறது, 21இல் காலம் பின்னோக்கிப் போகிறது. ஒரு தாளில் கோடு போட்டு, எந்த மணிக்கு யார் எங்கே இருந்தார்கள் என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்.

இதற்குப் பின் ஒரு இடைவெளி கட்டாயம். அதனால்தான் பெட்டியாக வாங்காமல் முதல் மூன்றை மட்டும் வாங்குங்கள் என்கிறேன். கையில் இல்லாத புத்தகத்தைப் பிள்ளை எடுக்காது. இடைவெளிக்கு 2001இல் வந்த இரண்டு சிறு புத்தகங்கள் போதும்: மாய விலங்குகள் பற்றியது ஒன்று, துடைப்பத்தில் பறந்து ஆடும் குவிடிச் ஆட்டம் பற்றியது ஒன்று. 2008இல் வந்த, மந்திர உலகின் தேவதைக் கதைத் தொகுப்பான பீடில் கதைகளைச் சிறுவர் புத்தகம் என்று நம்பி இப்போதே கொடுத்துவிடாதீர்கள். அதில் ஒரு கதை மிகக் கொடூரமானது, இன்னொன்று ஏழாம் பாகத்தின் முடிச்சு.

நான்காவது ஒரு முதியவரின் கொலையோடு தொடங்குகிறது. 14ஆம் அத்தியாயத்தில் வகுப்பறையில் சிலந்திகள் மேல் சித்திரவதை மந்திரம். 32இல், பெயர் சொல்ல மாட்டேன், பிள்ளைக்குப் பழக்கமான ஒருவர் ஒரே வரியில் சாகிறார். முன்னறிவிப்பும் இல்லை, காரணமும் இல்லை. பிள்ளையை உலுக்குவது அதுதான். பிரிட்டனில் முதல் மூன்று படங்களுக்கு பிஜி (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) சான்றிதழ் கொடுத்தவர்கள் நான்காவதற்கு 12ஏ (பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணை வேண்டும்) கொடுத்ததும் இந்தத் திருப்பத்தில்தான்.

ஐந்தாவது எல்லாவற்றிலும் தடிமன், 38 அத்தியாயம். ஹாரி பாதிப் புத்தகத்துக்குக் கோபமாகவே இருக்கிறான். பன்னிரண்டு வயதுக்கு முன் அந்தக் கோபம் புரியாது, சலிப்புதான் மிஞ்சும். 13ஆம் அத்தியாயத்தில் ஆசிரியை அம்பிரிட்ஜ் கொடுக்கும் தண்டனை ரத்தம் வரவைப்பது, அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். ஆறாவது பன்னிரண்டு, ஏழாவது பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஏழாவதில் 17, 23 ஆகிய இரண்டு அத்தியாயங்களையும் நீங்கள் முன்னதாகப் படித்துவிடுவது நல்லது.

படம் எப்போதும் அந்தந்தப் பாகத்தை முடித்த பிறகுதான். முதல் படத்தில் பீவ்ஸ் பூதமே கிடையாது, போத்தல் புதிரும் கிடையாது. மூன்றாம் படத்தில் ஹாரிக்குக் கிடைக்கும் மாய வரைபடத்தை வரைந்தவர்கள் யார் என்பதையே சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

பதிப்பைப் பொறுத்தவரை, ஜிம் கே ஓவியங்களோடு 2015 முதல் வந்த பெரிய பதிப்பில் மூலம் முழுவதும் இருக்கிறது. இருவர் சேர்ந்து பார்க்க அருமையானது. எடை அதிகம், படுத்துக்கொண்டு பிடிக்க முடியாது. ஐந்தாம் பாகத்தோடு அவர் நிறுத்திக்கொண்டதால் ஏழும் ஒரே கையில் கிடைக்காது. பயந்த பிள்ளைக்கு இரண்டாம் பாகத்தை மட்டும் படமில்லாத சாதாரணப் பதிப்பிலேயே கொடுங்கள். ஒலிநூலில் ஸ்டீஃபன் ஃபிரை வாசித்தது உச்சரிப்புக்கு நல்ல துணை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கச் சொன்னால் பெயர்கள் எல்லாம் பழகிவிடும்.

எட்டு வயதிலேயே நான்காவது எங்கிருந்தோ கைக்கு வந்து, பிள்ளை பாதி படித்துவிட்டதா? பிடுங்காதீர்கள். பிடுங்கினால் மீதியை ஒளிந்து தனியாகப் படிக்கும். 31ஆம் அத்தியாயம் வரை போகட்டும். 32 முதல் 36 வரை விடுமுறை நாள் ஒன்றில், காலையில், நீங்கள் வாசியுங்கள். 37ஐ அன்றே முடித்துவிடுங்கள். இறந்தவரைப் பள்ளி முழுவதும் எழுந்து நின்று நினைவுகூரும் இடம் அதில்தான் வருகிறது, அது வரை கேட்காமல் பிள்ளை தூங்கப் போகக் கூடாது.