பிளஸ் டூவுக்குப் பிறகு மருத்துவத் துறை: தஞ்சாவூரில் ஒரு நல்ல ஆலோசனை

எம்.பி.பி.எஸ். தவிர மருத்துவத் துறையில் வேறு என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேடம் ஒருவர் தஞ்சாவூரில் தன் வீட்டு முன் அறையிலேயே படிப்பு ஆலோசனை தருகிறார். கட்டணம் 800 ரூபாய். என் மகளையும் அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அதற்கு முன் 'இலவச ஆலோசனை' என்று விளம்பரம் செய்த ஓர் இடத்துக்கும் போயிருந்தோம். அங்கே மகளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிமாநிலக் கல்லூரி ஒன்றின் பெயரைச் சொல்லி, அன்றைக்கே முன்பணம் கட்டச் சொன்னார்கள்.

இந்த மேடம் எடுத்த எடுப்பிலேயே, "படிப்போட பேரைச் சொல்லாதம்மா. காலையில வேலைக்குப் போனா என்ன செய்யணும்னு ஆசை, அதைச் சொல்லு" என்றார். ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்றாள் மகள். உள்ளூர் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) சேர்வது என்று நாங்கள் ஏறக்குறைய முடிவே செய்திருந்தோம். மேடம் அதை அங்கேயே நிறுத்தினார். மைக்ரோபயாலஜி நல்ல படிப்புதான், ஆனால் அது எம்.எஸ்சி., ஆராய்ச்சி, உணவு, மருந்து கம்பெனிகளின் தரக் கட்டுப்பாடு என்று போகிற வழி. ஆஸ்பத்திரி லேபில் கேட்பது மருத்துவ லேப் டெக்னீஷியன் படிப்பு, அதாவது டிப்ளமோவான டி.எம்.எல்.டி. அல்லது பட்டப்படிப்பான பி.எஸ்சி. எம்.எல்.டி. அதில்தான் நோயாளிகளின் மாதிரிகளை வைத்தே பயிற்சி கிடைக்கும். இரண்டிலும் கிருமிகளைப் பற்றிப் பாடம் இருப்பதால் எத்தனையோ பிள்ளைகள் குழம்பி, மூன்று வருடம் படித்த பிறகு லேப் டெக்னீஷியன் வேலைக்கு மறுபடி டிப்ளமோ சேர்கிறார்களாம். இந்த ஒரு விளக்கத்துக்கே கொடுத்த பணம் தகும்.

அண்ணன் மகன் பிளஸ் டூவில் பயாலஜி எடுக்கவில்லை, கணக்குதான். மருத்துவத் துறைப் பக்கமே தலைவைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். பி.எஸ்சி. நர்சிங்குக்கு பயாலஜி கட்டாயம், ஆனால் மருந்தாளுநர் பட்டப்படிப்பான பி.ஃபார்முக்கு இயற்பியல், வேதியியலோடு கணக்கோ பயாலஜியோ ஒன்று இருந்தால் போதும் என்று மேடம் சொன்னதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதே துறையின் ஃபார்ம்.டி. படிப்பும் அப்படித்தான், ஆனால் இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஆறு வருடம். வீட்டு நிலைமையைக் கேட்டுவிட்டு, நாலு வருடத்தில் முடிகிற பி.ஃபார்ம் போதும் என்றார்.

நாங்கள் கேட்காமலே பேச்சு, செவித்திறன் படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி. பற்றியும் சொன்னார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் (காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி) வைக்கிறார்கள். அறுவை சிகிச்சையோடு வேலை முடிவதில்லை, அப்புறம் அந்தக் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமே. இப்படி ஒரு படிப்பு இருப்பதே நம் ஊர்ப் பக்கம் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல் அங்கீகாரத்தைப் பாருங்கள் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சில், பி.ஃபார்ம், ஃபார்ம்.டி.க்கு இந்திய ஃபார்மசி கவுன்சில், பி.ஏ.எஸ்.எல்.பி.க்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில். அதோடு, பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி, அங்கே எத்தனை படுக்கை என்று நேரில் போய் விசாரிக்கச் சொன்னார்.

குறை என்றால், தனியார் கல்லூரிக் கட்டணம் பற்றி அவரிடம் விவரம் இல்லை. ரிசல்ட் வந்த வாரம் என்பதால் கூட்டமும் அதிகம், கடைசியில் கொஞ்சம் அவசரப்படுத்தினார். அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து, ஐந்துக்கு நான்கு தருகிறேன்.

போகிறவர்கள் போனில் நேரம் வாங்கிக்கொண்டு, மதிப்பெண் பட்டியலின் நகலோடு போங்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால், பதினொன்றில் குரூப் எடுப்பதற்கு முன்பே கூட்டிப்போவது இன்னும் நல்லது.