பள்ளிக் கட்டட அனுமதி பெற்றுத்தரும் ஆலோசனைச் சேவை: ஒரு கட்டடக் குழுவின் மதிப்பீடு

எங்கள் பள்ளியின் பழைய ஒரு மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று வகுப்பறைகள் கொண்ட இன்னொரு தளம் எழுப்பவும், தரைத்தளத்தில் இருந்த கிடங்கை அறிவியல் ஆய்வகமாக மாற்றவும், கழிப்பறைகளைப் புதுப்பிக்கவும் நகராட்சியின் அனுமதி தேவைப்பட்டது. இந்தப் பொறுப்பை ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். நான்கு மாதங்களில் முடியும் என்று நாங்கள் நம்பிய வேலைக்குப் பதினொரு மாதங்கள் ஆயின. ஆயினும், கட்டடக் குழுவின் செயலர் என்ற முறையில் அந்தக் கோப்பின் ஒவ்வொரு தாளையும் பார்த்தவன் நான்; இந்தச் சேவையைப் பிற பள்ளிகளுக்கும் பரிந்துரைக்கவே விரும்புகிறேன். குறைகளும் இருந்தன, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர்கள் முதலில் கேட்டது முன்பு அனுமதி பெற்ற பழைய வரைபடத்தைத்தான். அதை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்று எண்ணினோம். மாறாக, மறுநாள் காலையில் இருவர் அளவுநாடாவுடன் வந்து கட்டடம் முழுவதையும் அறை அறையாக அளந்தார்கள். வரைபடத்தில் ஒன்றரை மீட்டர் அகலம் என்று குறிக்கப்பட்டிருந்த படிக்கட்டு, இரண்டு கைப்பிடிகளுக்கும் இடையே அளந்தபோது 1.32 மீட்டர்தான் இருந்தது. எந்தக் காலத்திலோ சுவரோரம் குழாய்களை மறைக்க எழுப்பிய மெல்லிய தடுப்பு, ஏறத்தாழ ஒரு சாண் அகலத்தை விழுங்கியிருந்தது. அத்தனை ஆண்டுகளாக அந்தப் படிகளில் ஏறி இறங்கிய எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. மேலே மூன்று வகுப்பறைகள் என்றால் வகுப்புக்கு நாற்பது பேராக இன்னும் நூற்றிருபது பிள்ளைகள் அதே படிகளில் இறங்க வேண்டும். தடுப்பை இடிப்பதோடு, கட்டடத்தின் மறுகோடியில் வெளிப்புறமாக இரண்டாவது படிக்கட்டும் வேண்டும் என்று அவர்கள் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே கட்டினால் செலவு குறையுமே என்று கேட்டோம். ஒரு படிக்கட்டில் புகை நிறையும்போது மற்றொன்றிலும் நிறையாத தொலைவில் இருந்தால்தான் அதை இரண்டாவது வழி என்று கொள்ள முடியும் என்று விளக்கி, தங்கள் கருத்தில் உறுதியாக நின்றார்கள்.

அந்த உறுதியை நான் பெரிதாக மதிக்கக் காரணம் உண்டு. சிகாகோவில் 1958 டிசம்பர் 1 அன்று ஒரு பள்ளியில் பற்றிய தீயில் 92 மாணவர்களும் மூன்று கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். அந்த நகரில் 1949-இல் வந்த கடுமையான தீப்பாதுகாப்பு விதிகள் முன்பே இருந்த கட்டடங்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே அந்தப் பள்ளி அன்றைய விதிகளின்படி குற்றமற்றதாகவே இருந்தது. படிக்கட்டு வழியாக ஏறிய புகையும் வெப்பமும் மேல்தளத்து வகுப்பறைகளின் வழியை அடைத்துவிட்டன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்ததைத் தமிழ் படிக்கும் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பழைய கட்டடத்தில் புதிதாகக் கை வைக்கும்போது அதுவரை விலக்குப் பெற்றிருந்த பகுதிகளையும் இன்றைய விதிகளுக்குக் கொண்டுவருமாறு பல நகராட்சிகள் கேட்பது, நிர்வாகங்களுக்கு வீண் தொல்லையாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

மேல்தளத்துக்கான கட்டமைப்புச் சான்றிலும் அவர்கள் குறுக்குவழி தேடவில்லை. அவர்கள் அழைத்துவந்த கட்டமைப்புப் பொறியாளர் இரண்டு தூண்களின் அடியில் குழி தோண்டச் செய்து அடித்தளத்தின் ஆழத்தை நேரில் பார்த்தார். சுத்தியல் போன்ற ஒரு கருவியைத் தூண்களில் பல இடங்களில் அழுத்தி, அது எவ்வளவு மீள்கிறது என்பதைக் குறித்துக்கொண்டார். ஐயம் எழுந்த இடங்களில் கான்கிரீட்டை உருளை வடிவில் வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஐந்து வாரங்கள் ஆயின. அதுவரை விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க மாட்டோம் என்றார்கள். கலிபோர்னியாவில் 1933 மார்ச்சில் ஏற்பட்ட லாங் பீச் நிலநடுக்கத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இடிந்தன. மாலை ஆறு மணியளவில் நிகழ்ந்ததால் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. ஒரே மாதத்தில், பொதுப் பள்ளிகளின் வரைபடங்களைத் தனியாகச் சரிபார்த்து, கட்டுமானத்தையும் உடனிருந்து கண்காணிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை அந்த மாநிலம் இயற்றியது. அந்த ஐந்து வாரக் காத்திருப்பைப் பற்றிக் குழுவில் எழுந்த முணுமுணுப்புக்கு நான் இந்த வரலாற்றைத்தான் பதிலாகச் சொன்னேன்.

இனி குறைகள். விண்ணப்பம் இரண்டு முறை ஆட்சேபக் குறிப்புடன் திரும்பி வந்தது. இரண்டுக்கும் நிறுவனமே பொறுப்பு. நுழைவாயிலில் தரைக்கும் தளத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 45 சென்டிமீட்டர். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் அமைய 5.4 மீட்டர் நீளம் வேண்டும். வரைபடத்தில் இருந்ததோ 3.6 மீட்டர். சரிபார்த்த அதிகாரி அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘சரிவு?’ என்று மட்டும் எழுதியிருந்தார். படிக்கட்டின் அளவில் அவ்வளவு கவனம் காட்டியவர்கள் சாய்தளத்தில் சறுக்கியது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது; ஏனெனில் அந்த நுழைவாயிலில் ஒரு மாணவியைத் தினமும் இருவர் தூக்கிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. கிடங்கை ஆய்வகமாக மாற்றுவது பயன்பாட்டு மாற்றம் என்பதால், எரிவாயு இணைப்பு, காற்றோட்டம், வெளிப்புறமாகத் திறக்கும் கதவு ஆகிய யாவும் தீயணைப்புத் துறையின் பார்வைக்குப் போக வேண்டும். அத்துறையின் தடையின்மைச் சான்றுக்கான மனுவை நகராட்சி விண்ணப்பத்துடன் ஒரே நேரத்தில் கொடுத்திருக்கலாம். நகராட்சி கேட்ட பிறகே கொடுத்தார்கள். அதனால் மட்டும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வீணாயின. கோடை விடுமுறையில் முடித்திருக்க வேண்டிய இடிப்பு வேலை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போனது. கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதையும் நாங்களே தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாரம் ஒரு முறை நான்கு வரி எழுதி அனுப்புவது பெரிய சுமையாக இருந்திருக்காது.

கட்டண முறை நேர்மையானது. அளவெடுத்தல், சமர்ப்பித்தல், அனுமதி, நிறைவுச் சான்று என நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்த பின்பே வாங்கினார்கள். கழிப்பறைகளில் வெறும் ஓடு மாற்றுவதற்கும் பூச்சு வேலைக்கும் அனுமதி தேவையில்லை, கழிவுநீர்க் குழாயின் பாதையை மாற்றினால்தான் தேவை என்று விதியைக் காட்டி, அந்தப் பகுதிக்கான கட்டணத்தைத் தாங்களாகவே குறைத்தார்கள். அனுமதி வருவதற்குள் தூண் கம்பியையாவது கட்டத் தொடங்கலாம் என்று ஒப்பந்ததாரர் வற்புறுத்தியபோது, அப்படிச் செய்தால் கோப்பிலிருந்து விலகிவிடுவோம் என்று எழுத்துமூலம் தெரிவித்தவர்களும் இவர்களே.

கட்டுமானத்தின் நடுவில் மின்மாற்றி காரணமாக வெளிப்படிக்கட்டை அரை மீட்டர் நகர்த்த நேர்ந்தது. திருத்திய வரைபடத்தை உடனே சமர்ப்பித்து ஒப்புதல் வாங்கினார்கள். நிறைவு ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டார். அடுத்து நூலகக் கட்டடத்தைப் புதுப்பிக்கவும் இவர்களையே அழைக்கத் தீர்மானித்திருக்கிறோம். இம்முறை ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கிறோம்: தீயணைப்புத் துறைக்கான மனு நகராட்சி விண்ணப்பத்துடன் ஒரே நாளில் கொடுக்கப்பட வேண்டும், கோப்பின் நிலை வெள்ளிக்கிழமைதோறும் எழுத்தில் வர வேண்டும்.